குட்டிப் பூனை மணல் பெட்டிக்கு வெளியே போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தெருப் பூனை ஒன்று எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்த அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள் போட்டது. அவற்றை வீட்டுக்குள் எடுத்து வளர்த்து, பிழைத்த மூன்றையும் நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் எங்கே குட்டி கிடந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு வருகிறார்கள். ஏழு ஈத்துக் குட்டிகள் இங்கே வளர்ந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அதே சிக்கல்கள். குட்டிகளை வாங்கிப்போனவர்கள் இரவு பத்து மணிக்குப் போன் செய்து கேட்பதும் அவற்றைத்தான். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்கள் குட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மணல் பெட்டி என்பது பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக வீட்டுக்குள் மணல் போட்டு வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டிச் சிக்கல் என்றால் இரண்டு வாரம்கூடப் பொறுத்திருக்கலாம். உடம்புச் சிக்கல் என்றால் இரவு முழுவதும் பொறுத்திருப்பதே ஆபத்து. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அறை மூலையில் ஒரு ஈரம், அவ்வளவுதான். எந்த வகை என்று பிரித்துக் காட்டுவது வயதும் எடையும்.

## முதலில் வயதையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்

கண் திறக்கவில்லை என்றால் குட்டிக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் இருக்கும். கண் திறந்து, நீல விழியோடு தள்ளாடி நடந்தால் இரண்டு, மூன்று வாரம். காது நிமிர்ந்து, முன்பற்களும் கோரைப்பற்களும் தெரிந்தால் நான்கு வாரத்தை ஒட்டி. ஓடிப் பிடித்து விளையாடி, கடைவாய்ப் பக்கம் பல் முளைத்திருந்தால் ஐந்து, ஆறு வாரம்.

எடைக்கு, ஒரு கிராம்வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பிறந்தபோது பெரும்பாலும் 85 முதல் 115 கிராம் இருக்கும். அதன் பிறகு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம், வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற வேண்டும். நான்கு வாரத்தில் 400 கிராமைத் தாண்டியிருக்கும், எட்டு வாரத்தில் 800 முதல் 900. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன் நிறுத்து, நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். குட்டிகள் ஒரே நிறமாக இருந்தால் வால் நுனியிலோ காதுக்குப் பின்னாலோ துளி நகப்பூச்சு வைத்து அடையாளம் போடலாம்.

எடை ஏறுகிறது, விளையாடுகிறது, சாப்பிடுகிறது, ஆனால் கண்ட இடத்தில் போகிறது என்றால் அது பெட்டிச் சிக்கல். நிதானமாகச் சரிசெய்யலாம். எடை நின்றுவிட்டது அல்லது இறங்குகிறது என்றால் பெட்டியை மறந்துவிட்டு, கீழே உடம்பைப் பற்றிய தலைப்புகளுக்குப் போங்கள்.

## பெட்டியே தெரியாததுபோல வீடெங்கும் போகிறது

வயது போதவில்லை. மூன்று வாரம்வரை குட்டிக்குத் தானாக ஒன்றுக்கோ இரண்டுக்கோ போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாய் இல்லை என்றால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். பெட்டியை அறிமுகப்படுத்த மூன்றரை, நான்கு வாரம் ஆகட்டும். அதற்கு முன் பழக்க முயன்றால் உங்களுக்குத்தான் களைப்பு.

இடம் அதிகம். அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் காரணம். நான்கு வாரக் குட்டிக்கு அவசரம் வந்தால் நாலைந்து அடிதான் நடக்கும், அதற்குள் போய்விடும். கூடத்தில் இருக்கும் குட்டிக்குப் பால்கனியில் வைத்த பெட்டி பக்கத்து ஊர் மாதிரி. வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரு சின்ன அறையில் வையுங்கள். அறை இல்லை என்றால் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நிறுத்தி வேலி கட்டலாம். ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் மணல், நடுவே சாப்பாடு. மூன்று நாள் ஒரு தப்பும் நடக்கவில்லை என்றால் அடுத்த அறையைத் திறக்கலாம், அங்கேயும் ஒரு பெட்டியோடு.

நேரம் தெரியவில்லை. தூங்கி எழுந்த உடனேயும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்திலும் குட்டி போகும். அப்போது தூக்கிப் பெட்டிக்குள் விட்டு, உங்கள் விரலால் மணலைக் கீறிக் காட்டுங்கள். குட்டியின் காலைப் பிடித்துக் கீற வைக்காதீர்கள், பயந்துபோய் அடுத்த முறை பெட்டியைக் கண்டாலே ஓடும்.

வாசனை இல்லை. பெட்டியைப் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டுக் குட்டி வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் பலர். பழகும் வரை ஒரு சிறு துண்டு மலத்தையோ ஈரமான மணலில் ஒரு பிடியையோ உள்ளேயே விட்டுவையுங்கள். தப்பான இடத்தில் போயிருந்தால் அதையே எடுத்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடலாம். தாய்ப்பூனை பெட்டியைப் பயன்படுத்துகிறதென்றால் பாதி வேலை முடிந்த மாதிரி, குட்டிகள் பின்னாலேயே வரும்.

மூக்கை ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது, அதட்டுவது எதுவும் வேண்டாம். நீங்கள் இருக்கும்போது போகக் கூடாது என்று மட்டும்தான் குட்டி கற்றுக்கொள்ளும். அப்புறம் பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்து போகும்.

இவ்வளவும் செய்தால் பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கின்றன. ஆறு வாரம் தாண்டிய குட்டி, இரண்டு வாரம் பழக்கியும் வரவில்லை என்றால் ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடலில் ஏதோ இருக்கும் குட்டிக்குப் பெட்டிவரை அடக்க முடியாது.

## பெட்டி வரை வருகிறது, ஆனால் பக்கத்தில் போகிறது

குட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியில்தான் ஏதோ பிடிக்கவில்லை.

விளிம்பை அளந்து பாருங்கள். நான்கு வாரக் குட்டிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏறத் தெரியாது. கடையில் விற்கும் டிரேக்கள் பெரிய பூனைக்கானவை. நான் பழக்கத் தொடங்கிய முதல் மூன்று வாரம் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே பழைய பிளாஸ்டிக் உறை விரித்துப் பயன்படுத்துகிறேன். கல்யாண வீட்டுத் தாம்பாளமும் நன்றாக உதவும், வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போட்டால் போதும்.

விளிம்பு சரி என்றால் சுத்தத்தைப் பாருங்கள். நான்கு குட்டிக்கு ஒரே பெட்டி என்றால் மதியத்துக்குள் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டாவது பெட்டி வையுங்கள், காலையும் மாலையும் அள்ளுங்கள். தினமும் அள்ளுவதில் இன்னொரு காரணமும் உண்டு: பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, மலம் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவர் செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும்.

அடுத்தது மணல். வாசனை போட்ட லிட்டர் (கடையில் விற்கும் பூனை மணல்) நமக்கு மணக்கும், குட்டிக்கு மூக்கெரிச்சல். மூடி போட்ட பெட்டியும் அப்படித்தான், நாற்றத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். மூடியைக் கழற்றிவிடுங்கள். மணல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும், அதற்கு மேல் போட்டால் கால் புதைந்து தடுமாறும்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளியே போனால், அரைமணி நேரம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். நான்காவது ஈத்தில் ஒரு சாம்பல் நிறக் குட்டி எப்போதும் பெட்டியின் ஓரத்தில்தான் போகும். பார்த்தால், அதன் அண்ணன்காரன் பெட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்து, உள்ளே கால் வைத்தவுடன் மேலே பாய்ந்துகொண்டிருந்தான். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி, இரண்டு பக்கமும் தப்பிக்க வழி விட்டு வைத்தேன். அன்றைக்கே சரியாகிவிட்டது.

## எப்போதும் ஒரே மூலையில்தான் போகிறது

வாசனை தங்கிவிட்டது. நமக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். மூத்திரம் காய்ந்த இடம் பளபளக்கும். சுவரில், கதவுக் கட்டையில் என்று எதிர்பாராத இடங்களெல்லாம் தெரியும்.

அந்த இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுங்கள். டைல்ஸ் தரை என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரைத் தடவிக் காய விடலாம். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் வேண்டாம், மெருகு போய்விடும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் மெத்தைக்கும் சோபாவுக்கும் அதுதான் சரி.

தயவுசெய்து பினாயிலும் டெட்டாலும் போட்டுத் துடைக்காதீர்கள். இவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. தரையில் மிதித்த காலைக் குட்டி நக்கும், அப்படியே உள்ளே போய்விடும். மூலையில் வராமல் இருக்க அந்துருண்டை போடுவதும் அதே அளவுக்கு ஆபத்து.

கழுவிய பிறகும் அங்கேயே போனால் குட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த மூலையிலேயே ஒரு பெட்டி வையுங்கள். அது பழகியதும் தினம் ஒரு சாண் அளவு நகர்த்திக்கொண்டே போய், உங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இல்லையென்றால் அந்த மூலையில் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகப் போகாது. அதனாலேயே பெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாடு வைக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

## மிதியடி, மெத்தை, துணிக்குவியலில் போகிறது

காலுக்கு மெத்தென்று இருக்கும் இடம் பிடித்துவிட்டது. முதல் வேலை, இரண்டு வாரத்துக்கு மிதியடிகளை எடுத்து வைப்பதும் படுக்கையறைக் கதவைச் சாத்துவதும். அழுக்குத் துணிக்கூடைக்கு மூடி போடுங்கள். பெட்டிக்குள் இப்போது போட்டிருக்கும் மணல் கரடுமுரடாக இருந்தால் அதன்மேல் கிழித்த செய்தித்தாளையோ பழைய துணித் துண்டையோ போட்டுவையுங்கள். குட்டி அதில் போகத் தொடங்கியதும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியைக் குறைத்து மணலைக் கூட்டலாம். ஏழெட்டு நாளில் மாறிவிடும்.

செடித்தொட்டியிலும் துளசி மாடத்திலும் போகிற குட்டிக்கு நேர்மாறான வைத்தியம். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பெட்டி மணலோடு கலந்துவிடுங்கள். தொட்டியின் மேல்மண்ணைக் கூழாங்கல்லாலோ கொட்டாங்குச்சியாலோ மூடினால் தோண்ட இடமிருக்காது.

## மணலைத் தின்கிறது

நான்கைந்து வாரத்தில் எல்லாக் குட்டியும் ஒரு வாய் போட்டுப் பார்க்கும். எந்த மணல் என்பதுதான் கேள்வி. மூத்திரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் என்ற களிமண் லிட்டர் வயிற்றுக்குள்ளும் அப்படியே கட்டியாகிக் குடலை அடைக்கலாம். இரண்டு மாதம் முடியும் வரை அதை வாங்காதீர்கள், தின்னும் பழக்கம் விடாத குட்டிக்கு அதற்குப் பிறகும் வேண்டாம். சோயாவில் செய்த டோஃபு லிட்டர் செடியிலிருந்து வருவது என்று சொல்லி விற்பார்கள், அதுவும் ஊறி உப்பும். சின்னக் குட்டிக்கு மர பெல்லட்டோ (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்), கிழித்த செய்தித்தாளோ பாதுகாப்பு.

கட்டுமான மணல் எடுத்து வருகிறவர்களும் உண்டு. அந்தக் குவியல்தான் தெருப் பூனைகள் அத்தனைக்கும் கழிப்பறை, புழு முட்டை இலவசமாக வரும். எம்-சாண்டில் தூசி அதிகம், மூக்கை அடைக்கும்.

மணலை மாற்றியும் ஒரு குட்டி விடாமல் தின்றுகொண்டே இருந்தால் அதன் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் இரத்தசோகை. நம் ஊரில் தெருக் குட்டிகளுக்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியும் குடற்புழுவும்தான் காரணம். சின்னக் குட்டியின் இரத்தத்தைத் தெள்ளுப்பூச்சியே உறிஞ்சிக் கொன்றுவிடும். நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தில் ஒரு துளிகூடப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு விஷம்.

## கழிச்சலாகப் போகிறது

இதில்தான் நான் அதிகம் தப்பு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: குட்டி எப்படி இருக்கிறது? கழிந்தாலும் விளையாடுகிறது, சாப்பாடு கேட்கிறது என்றால் கீழே வரிசையாகப் பாருங்கள். சுருண்டு படுத்திருக்கிறது, வாந்தி எடுக்கிறது, மலத்தில் இரத்தம் இருக்கிறது, அல்லது நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

பால். பசும்பால் கொடுத்தீர்களா? நம் வீடுகளில் பூனை என்றாலே பால்தான் வைக்கிறோம். குட்டியின் வயிறு அதைத் தாங்காது. தண்ணீர் கலந்தாலும் அப்படித்தான், சத்துதான் இன்னும் குறையும். முதல் ஈத்தில் பாக்கெட் பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்து, நான்கில் ஒரு குட்டியை மூன்றே நாளில் இழந்தேன். குட்டிப் பூனைகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள். தாய் இல்லாத குட்டிக்கு அதுதான்.

அளவு. சரியான பவுடரே கொடுத்தாலும் அதிகமானால் கழியும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு நான்கு மில்லிக்கு மேல் சின்ன வயிறு கொள்ளாது. ஒரு நாளைக்கு மொத்தம் 100 கிராமுக்குச் சுமார் 20 மில்லி. டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிட கெட்டியாகக் கரைக்காதீர்கள். குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

திடீர் மாற்றம். நான்காவது வாரத்தில் கெட்டி உணவுக்கு மாறும்போது ஒரே நாளில் மாற்றினால் கழியும். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்சோறு, தயிர்சோறு போட்டு வளர்க்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. பூனைக்குக் கறிதான் உணவு. குட்டிகளுக்கான ஈர உணவு வாங்கிக் கொடுங்கள். அது கிடைக்காத நாளில், உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்து மசித்த கோழியைக் கொடுத்துச் சமாளிக்கலாம். குழம்பு பிசைந்த சோறு கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

புழு. வயிறு மட்டும் பானைபோல உப்பி, முதுகெலும்பு தெரிகிறதென்றால் புழு என்றே வைத்துக்கொள்ளலாம். சில நேரம் மலத்திலோ வாந்தியிலோ வேகவைத்த சேமியா போலத் தெரியும். இரண்டாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது, எடை எழுதிய தாளோடு மருத்துவரிடம் போய் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மாத்திரையில் பாதி என்ற கணக்கு வேண்டாம்.

புழு மருந்துக்குப் பிறகும் நிற்கவில்லை. சளிபோலவும் கெட்ட நாற்றத்தோடும் வந்தால் காக்ஸிடியா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கலாம். சாதாரணப் புழு மருந்துக்குக் காக்ஸிடியா அசையாது. ஒரு சின்ன டப்பாவில் புதிதாகப் போன மலத்தை எடுத்துக்கொண்டு போங்கள், பரிசோதனைச் செலவு அதிகம் ஆகாது. ஒரு குட்டிக்கு வந்தால் மற்றவற்றுக்கும் இருக்கும் என்று எண்ணி, பெட்டி மணலைத் தினமும் முழுவதுமாகக் கொட்டி மாற்றுங்கள்.

கடைசியும் மோசமானதும். தடுப்பூசி போடாத குட்டி திடீரெனச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப் போட்டபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது பன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். கழிச்சல் ஆரம்பிக்கும் முன்பே குட்டி போய்விடுவதும் உண்டு. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். மற்றக் குட்டிகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். இந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊற விட்டால்தான் சாகும். மூத்திரம் இருக்கும் இடத்தில் நேரடியாகப் பிளீச் ஊற்றாதீர்கள், நச்சுப் புகை வரும். காய்ந்த பிறகே பூனையை விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மாதம்வரை. இதைத் தள்ளிப் போடவே கூடாது.

## இரண்டு நாளாக இரண்டுக்குப் போகவில்லை

பஞ்சால் தடவிவிட வேண்டிய வயது என்றால் அதை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பவுடர் பால் குடிக்கும் குட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவது உண்டு. வயிறு மெத்தென்று இருந்து, பாலும் குடித்தால் பயமில்லை. கெட்டி உணவுக்கு மாறியது என்றால் உணவில் வெந்நீர் கலந்து கஞ்சிபோலக் கொடுங்கள், கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பெரியவர்கள் விளக்கெண்ணெய் ஒரு சங்கு ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். எண்ணெய் தொண்டையில் வழுக்கி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இரண்டு நாள் தாண்டினால், அல்லது வயிறு கல்போல இறுகி முக்கி முக்கிக் கத்தினால், மருத்துவர் பார்க்கட்டும். இன்னொன்று: முக்குவது இரண்டுக்கா, ஒன்றுக்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சொட்டு மூத்திரமும் வரவில்லை என்றால் அது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அவசரம்.

## எடை ஏறவில்லை, ஓயாமல் கத்துகிறது, அல்லது கத்துவதையே நிறுத்திவிட்டது

உடம்பைத் தொட்டுப் பாருங்கள். காதும் பாதமும் வாயின் உட்புறமும் குளிர்ந்திருந்தால் பால் கொடுக்காதீர்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது, புரையேறும். முதலில் சூடேற்ற வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, பெட்டியின் பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி இருக்கட்டும். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைப்பதும் நல்ல வழி. சூடு மெல்ல ஏறட்டும், அரைமணியில் இருந்து ஒரு மணி நேரம் ஆகும். சென்னை வெயிலில் குளிருமா என்று கேட்காதீர்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஏசி அறையும் மின்விசிறிக்கு நேர் கீழும் மார்கழிக் குளிர்தான்.

சூடேறிய பிறகும் துவண்டு கிடந்தால், குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவியபடியே மருத்துவரிடம் கிளம்புங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.

உடம்பு சூடாக இருக்கிறது, கத்துகிறது. பசியா என்று பாருங்கள். பாட்டில் நிப்பிளின் ஓட்டை சிறிதாக இருந்தால் உறிஞ்சி உறிஞ்சிக் களைத்துவிடும். தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் நான்கு மணிக்கு ஒருமுறை, இரவிலும். தாய் இருக்கும் ஈத்தில், வலுத்த குட்டிகள் முந்திக்கொண்டு இதைத் தள்ளிவிடுகின்றனவா என்று கவனித்து, தனியாகப் பத்து நிமிடம் தாயிடம் விடுங்கள்.

பால் குடிக்கிறது, ஆனாலும் ஏறவில்லை. 24 மணி நேரம் எடை ஏறவில்லை என்றால் கவனம். எடை இறங்கினால் அன்றைக்கே மருத்துவர். இரண்டாவது ஈத்தில் ஒரு கறுப்புக் குட்டி மாலையில் எட்டுக் கிராம் குறைந்திருந்தது. காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போனேன். காலையில் பார்க்க ஒன்றும் இல்லை. அதிலிருந்து எடைத்தாள் சொல்வதை நான் தள்ளிப் போட்டதில்லை.

காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிரைப் பறிக்கும் மருந்து.

எங்கே போவது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் சில மாடு, ஆடு பார்த்தே பழகியவை, குட்டிப் பூனை பார்ப்பார்களா என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றின் எண் போனில் இருக்கட்டும்.

## நன்றாகப் பழகிய குட்டி திடீரென வெளியே போகிறது

என்ன மாறியது என்று உங்களையே கேளுங்கள். மணல் பிராண்டு மாறியதா, பெட்டி இடம் மாறியதா, வீட்டுக்குப் புது ஆளோ புதுப் பூனையோ வந்ததா? ஒரு வீட்டில் மூன்று மாதக் குட்டி பெட்டியை விட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் போகத் தொடங்கியது. பெட்டி இருந்தது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். உள்ளே இருந்தபோது மெஷின் சுழல ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். பெட்டியை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன், இரண்டு நாளில் திரும்பிவிட்டது. மணல் மாற்ற வேண்டுமென்றால் பழையதில் கால் பங்கு கால் பங்காகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். குட்டி வளர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள், தாம்பாளம் நான்கு மாதப் பூனைக்குப் போதாது.

ஒன்றும் மாறவில்லை என்றால் உடம்பு. அடிக்கடி பெட்டிக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, கத்துகிறது, அடியை நக்கிக்கொண்டே இருக்கிறது, மூத்திரம் சிவப்பாக வருகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். குட்டிகளில் இது அரிது, வளர வளர வாய்ப்பு கூடும்.

ஐந்தாறு மாதத்தில், நின்றபடி வாலை நிமிர்த்திச் சுவரில் பீய்ச்சினால் அது பெட்டிச் சிக்கலே இல்லை. எல்லை குறிக்கிறது. கருத்தடை அறுவை சிகிச்சைதான் வழி, பீய்ச்சத் தொடங்கும் முன்பே செய்தால் பெரும்பாலும் அந்தப் பழக்கமே வராது. நான்கு ஐந்து மாதத்தில் மருத்துவரிடம் நாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

## புது வீட்டுக்குப் போனதும் எல்லாம் மறந்துவிட்டது

குட்டி மறக்கவில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. ‘பெட்டியே தெரியாததுபோல’ என்ற தலைப்பில் சொன்ன ஒரே அறை முறைக்குத் திரும்பிப் போங்கள், இந்த முறை மூன்று நான்கு நாள் போதும். எட்டு வாரம் முடியும் முன் நான் குட்டியைக் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது ஒரு பையில் அது பயன்படுத்திய மணலில் இரண்டு பிடியும், படுத்திருந்த துணியும், எடைத்தாளும் போட்டுக் கொடுக்கிறேன். அந்த இரண்டு பிடியைப் புதுப் பெட்டியின் மேலாகத் தூவி, குட்டியைக் கூடையிலிருந்து நேராக அதற்குள் இறக்கிவிடச் சொல்வேன். முகர்ந்து பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, அநேகமாக அங்கேயே உட்கார்ந்துவிடும்.